என் கையெழுத்தில் அவள் விலாசம்

சுண்டலைத் தின்று முடித்த பிறகுதான் காகிதத்தைப் பார்த்தேன். கடலூரில், திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு ஓரம், மழை வரலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த சாயங்காலம், ஆயுத பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். பொட்டலத்தைக் கசக்கி எறியப் போனவள், உள்பக்கத்திலிருந்து ஒரு முகம் என்னைப் பார்ப்பதைக் கண்டு கையை நிறுத்தினேன். பாஸ்போர்ட் சைஸ் முகம். தொப்பி போட்ட பெரியவர். எண்ணெய் ஊறி ஒரு கன்னம் கண்ணாடித்தாள் மாதிரி ஆகியிருந்தது. பக்கத்தில் அவர் பெயர், தகப்பனார் பெயர், பரங்கிப்பேட்டையில் ஒரு தெரு, கதவு எண், பிறந்த தேதி, செல்போன் எண், கையெழுத்து. கையெழுத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு கடுகு.

மேல் ஓரத்தில் எங்கள் ஆபீஸ் முத்திரை. அதன் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிச் சுழித்திருந்த கை, என் கை.

அப்போது நான் ஒரு செல்போன் கம்பெனியின் கடலூர் டீலர் ஆபீசில் இருந்தேன். இரண்டாயிரத்து எட்டு என்று நினைவு. அதற்கு முன் இரண்டு வருஷம் அவர்களுடைய சிதம்பரம் கிளையில், கவுண்டரில். சிம் கார்டு வாங்க வருகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பித் தருவேன், போட்டோ ஒட்டுவேன், ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ ஜெராக்ஸ் வாங்கிப் பின்னால் பின் குத்துவேன். "ஒரு காப்பி போதுமாங்க?" என்பார்கள். "ரெண்டா குடுங்க, இருக்கட்டும்" என்பேன். எதற்கு இருக்கட்டும் என்று எனக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் காகிதம் கேட்டால் கூடவே ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள், காய்க்காரர் கறிவேப்பிலை போடுகிற மாதிரி. நம்பிக்கை என்று பெரிய பேர் வைக்க வேண்டாம். பழக்கம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி. முப்பது வயது இருக்கலாம், என் வயதுதான். கவுண்டருக்கு வந்து, பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முழங்கைக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டி முனை அளவுக்கு, அதே வடிவத்தில் ஒரு தழும்பு. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

வாக்காளர் அட்டையில் கடலூர் விலாசம். "இப்ப இருக்குற அட்ரஸ் சொல்லுங்க" என்றேன்.

"அது வேணாங்க. இதுல உள்ளதையே போட்டுக்குங்க."

"போட முடியாதுங்க. இப்ப இருக்குற எடம் கட்டாயம். இல்லன்னா ஃபாரம் திரும்பி வந்துரும்."

வாக்காளர் அட்டையைத் திரும்ப எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். கணவன் திருப்பாப்புலியூர் ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறான். அவனை விட்டு வந்து ஆறு மாதம். சிதம்பரத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். தங்கியிருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது. "தெரிஞ்சா என்ன உசுரோட விடமாட்டாரு" என்றாள். சத்தமில்லாமல், பஸ் இத்தனை மணிக்கு என்று சொல்வது போல.

"இத யாரும் பாக்கமாட்டாங்கல்ல?"

"பீரோல வெச்சிப் பூட்டிருவோங்க. சாவி எங்ககிட்டதான்" என்றேன் நான்.

"அப்ப நீங்களே எழுதுங்க. எனக்குக் கை வரல."

எழுதினேன். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, தச்சுப் பட்டறைக்கு எதிரே, மாடி. கட்டம் கட்டமாக, ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம், அழகாக எழுதினேன். என் கையெழுத்தை எல்லாரும் மெச்சுவார்கள். போகும்போது நின்று, "பூட்டிருவீங்கல்ல?" என்று இன்னொரு தரம் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மாதக் கட்டுகளாக அந்த ஃபாரங்கள் கடலூர் ஆபீசுக்கு வரும், பச்சைப் பீரோவுக்குள் போகும். என்னையும் கடலூருக்கு மாற்றினார்கள். சாவி என் மேஜை டிராயரில். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் முதலாளி வந்து, "பீரோவக் காலி பண்ணித் தொடைச்சி வைம்மா, பழசெல்லாம் எடுத்துரு, நாளைக்கிப் பொட்டு வெக்கணும்" என்றார். எடுத்தேன். நானேதான் எடுத்தேன். கட்டுகளைத் தூக்கித் தாழ்வாரத்தில் அடுக்கினேன். கையெல்லாம் தூசி, தும்மல், ஒரு வேலை முடிகிற திருப்தி. மத்தியானம் பழைய பேப்பர்காரன் வந்து அள்ளிக்கொண்டு போனான். மறுநாள் அந்தக் காலிப் பீரோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, பொரிகடலை தின்றோம். பூட்டைக்கூடக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தேன். உள்ளே இருந்தவர்களைத் தெருவில் விட்டுவிட்டு, பூட்டுக்குப் பூஜை.

இது எல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்ற அந்த ஒரு மூச்சுக்குள் எனக்கு வந்தது. தொப்பிக்காரப் பெரியவர் முகத்திலிருந்து தாவி அந்தத் தழும்புக்குப் போனது மனசு.

"அக்கா, இந்தப் பேப்பரு எங்க வாங்குனீங்க?" வண்டிக்கார அக்காவிடம் கேட்டேன்.

"ஏன், சுண்டல்ல எதுனா கெடந்துச்சா?"

"இல்லக்கா. பேப்பருதான்."

"பழைய பேப்பர் கடையிலதான். நல்ல பேப்பரும்மா இந்த வாட்டி, மொடமொடன்னு, எண்ணெ இழுக்காது." கரண்டியால் எதிர்ப்பக்கம் காட்டினாள். "அந்தா, ஸ்டாண்டு பசங்களுக்கு இதான் வெளையாட்டு. அக்கா, பொம்பள படம் போட்ட பொட்டலமா குடுன்னு கேட்டு வாங்குறானுங்க. நம்பர் வேற இருக்குதாம்ல. ஒருத்தன் போன் போடுவான், சுத்தி நின்னு சிரிப்பானுங்க."

எதிரே வேன்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் நாலைந்து பேர், கையில் பொட்டலம்.

"மச்சான், எனக்கு தாடிக்காரர்தான்டா வந்தாரு! உனக்கு?"

"எனக்கு உங்க மாமியா!"

சிரிப்பு. அதில் யார் அவள் கணவன்? எல்லாரும் அவன் மாதிரியே இருந்தார்கள். ஒருத்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன், என் முகமும் எங்கோ ஒரு காகிதத்தில் ஒட்டியிருப்பது போல.

வண்டிக்கு அடியில் பாக்கிக் கட்டு இருந்தது. ஆபீசிலிருந்து பழைய செய்தித்தாள் கொண்டுவந்து மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சி வாங்கினேன். அக்காவுக்குப் புரியவில்லை, ஆனாலும் தந்தாள். அங்கேயே குந்தி உட்கார்ந்து புரட்டினேன். சிதம்பரம் என்று நான் எழுதிய மேலட்டை கிடைத்தது. அந்த மாதம் கிடைத்தது. அந்த நாளும் கிடைத்தது. அன்றைக்கு மொத்தம் மூன்று பேர், எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் ஒரு காலேஜ் பையன், அவன் ஃபாரம் இருந்தது. மூன்றாவது குமராட்சிக்காரர், உரக்கடை வைத்திருந்தார், அவருடையதும் இருந்தது. நடுவில் அவள். அவள் இல்லை.

மூன்று தரம் புரட்டினேன். மழை தூற ஆரம்பித்துவிட்டது. அவள் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கட்டை முதலாளி மேஜையில் வைத்தேன். நல்ல மனுஷர், கத்தமாட்டார், அதுதான் கஷ்டம்.

"ஏம்மா, பீரோ தொடைக்கச் சொன்னேன். ஃபாரத்த எடைக்குப் போடச் சொன்னனா?"

"பழசெல்லாம் எடுத்துருன்னு சொன்னீங்க சார்."

"பழசுன்னா பழைய காலண்டரு, ஓட்ட டப்பாம்மா!" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நம்ம மேல என்னா இருக்கு? ஃபாரத்து மேல கம்பெனி பேருதான் போட்டுருக்கு. கம்பெனிக்காரன் ரெண்டு வருஷமா அள்ளிட்டுப் போறேன் போறேன்னான், அள்ளுனானா? அவன் பொருளு, அவன் பொறுப்பு."

புதுச்சேரியில் இருந்த கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தக் குரல் குளிர்பதன அறையிலிருந்து வந்தது, கேட்கும்போதே தெரிந்தது.

"ஃபாரமெல்லாம் உங்க கஸ்டடி சார். அக்ரிமெண்ட்லயே கிளியரா இருக்கு. எடுத்துப் பாருங்க."

முதலாளி ஸ்பீக்கர் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். "அக்ரிமெண்ட் எங்கம்மா?"

"அதுவும் அந்தப் பீரோலதான் சார் இருந்துச்சு."

எங்கள் பொறுப்பை எழுதி வைத்த காகிதத்திலும் யாரோ சுண்டல் தின்றிருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் உருண்டு சிரித்திருப்பேன்.

"அதுவும் இல்லாம, கஸ்டமருக்கும் ஒரு பொறுப்பு இருக்குல்ல?" என்றது புதுச்சேரிக் குரல். "ஜெராக்ஸ் குடுக்கறப்பவே, இன்ன காரியத்துக்கு மட்டும்னு குறுக்க எழுதிக் குடுக்கணும். நம்ம ஜனங்க எங்க எழுதுறாங்க?"

எழுதவில்லைதான். ஒன்று கேட்டால் இரண்டு கொடுத்தார்கள். இரண்டு கேட்டது யார்?

"ஒரு பொம்பளையோட உசுரு சார்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"எதுனாலும் மெயில் போடுங்கம்மா" என்றது அது. வைத்துவிட்டது.

கம்ப்யூட்டரில் அவள் எண் இருந்தது. கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தரம் துண்டித்தாள், அல்லது யாரோ துண்டித்தார்கள். அந்த 'யாரோ' என்ற சொல் வந்த உடனே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தலைவலி சார், வீட்டுக்குப் போறேன் என்று பொய் சொன்னேன். எதற்குப் பொய்? அதுவும் பயம்தான். வேலை போய்விடும் என்ற பயம், போலீஸ் வரும் என்ற பயம், 'யாரு பீரோவத் தொறந்தது' என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. எந்தப் பாதி பெரியது என்று அன்றைக்கு அளந்து பார்க்கத் தைரியம் இல்லை.

சிதம்பரம் பஸ். மழை சாய்த்து அடித்ததில் ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கி, உள்ளே இருட்டு, ஈரத் துணி வாசனை. நான் மட்டும் என் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, மழை முகத்தில் அடிக்க, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். "ஏம்மா, மூடேன், எல்லாம் நனையுது" என்று முன் சீட்டிலிருந்து ஒரு குரல். மூடவில்லை. எங்களைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு வெள்ளை வேனும் அவனுடையது. ஆலப்பாக்கத்தில் ஒன்று, புதுச்சத்திரத்தில் ஒன்று. ஹாரன் அடித்துக்கொண்டு, தண்ணீரை இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு, எனக்கு முன்னால் போய்ச் சேரப் பார்க்கிற வேன்கள். ஓட்டுகிறவன் பக்கத்தில், மீட்டர் மேல், எண்ணெய் ஊறிய ஒரு காகிதம் விரித்து வைத்திருப்பதாகத் தெரிந்தது. வழி கேட்க வேண்டியதே இல்லை அவனுக்கு. தச்சுப் பட்டறைக்கு எதிரே, மாடி. எவ்வளவு தெளிவான கையெழுத்து. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, கீழே செம்மண் கலந்து பெருகும் தண்ணீரைப் பார்த்து, கொஞ்சம் கிறுக்கியிருக்கக் கூடாதா, ஒரு எழுத்தாவது யாருக்கும் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று என் விரல்களைத் திட்டிக்கொண்டேன்.

வடக்கு வீதியில் முழங்கால் வரை புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சந்து முனையில் ஒரு வெள்ளை வேன் நின்றது.

நின்றுவிட்டேன். காலில் தண்ணீர் ஓடுகிறது, நகர முடியவில்லை. வேனின் பின்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பார்க்க வேண்டும், பார்க்கக்கூடாது. பட்டறைக்குள்ளிருந்து இரண்டு பேர் ஒரு கதவு நிலையைத் தூக்கி வந்து வேனில் ஏற்றினார்கள். "மெதுவா, மெதுவா, நெலப்படி ஜாக்ரத" என்றார் ஒருவர். புது வீடு யாரோ கட்டுகிறார்கள். அவ்வளவுதான். வேனைச் சுற்றிக்கொண்டு போய் மாடிப்படி ஏறினேன்.

மாடிக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. பிறகு ஒன்றுமில்லை. அவள் உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கதவு வழியாக எனக்குத் தெரிந்தது.

"நான்தாங்க. சிம் கார்டு கடை. ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் ஃபாரம் எழுதுனேன்."

ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. ஒரு கண்.

"எப்பிடி இங்க வந்தீங்க?"

அதுதான் கேள்வி. வேறு எதுவும் கேட்கவில்லை. நான் அங்கே நின்றதே அவளுக்குச் செய்தி. சொன்னேன், பீரோ, பூஜை, பழைய பேப்பர், சுண்டல், ஸ்டாண்டு, எல்லாம், ஜன்னல் கம்பி வழியாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. ஸ்டாண்டு என்றதும் அந்தக் கண் மூடித் திறந்தது. கதவைத் திறந்தாள்.

"நாலு நாளா ஒரு போன் வருது" என்றாள். "பேசமாட்டான். மூச்சு மட்டும் உடுவான். ஏதோ ராங் காலுன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில அஞ்சாறு வாட்டி."

"இன்னிக்கு வந்தது நான்தாங்க."

"முந்தாநேத்து?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

உட்காரச் சொல்லவில்லை. மெஷினில் பாதி தைத்த பச்சை ஜாக்கெட், ஊசி இறங்கியபடி நின்றது. சுவர் ஓரம் ஒரு டிரங்குப் பெட்டி. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போடுவது போல.

"இதுக்கு யாருங்க பொறுப்பு?" என்று கேட்டாள். கோபம் இல்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். நானும் ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்த்தேன். முதலாளி கம்பெனி என்கிறார், கம்பெனி டீலர் என்கிறது, அக்ரிமெண்ட் இருந்தது, இப்போது இல்லை, மெயில் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவுங்கள்லாம் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் அவுங்ககிட்டயா குடுத்தேன்? உங்க மூஞ்சியப் பாத்துதான் குடுத்தேன்."

அளவு எழுதுகிற நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எழுதுங்க."

"என்னா எழுத?"

"உங்க பேரு. உங்க வூட்டுக்காரர் பேரு. கடலூர்ல எங்க இருக்கீங்க, எந்தத் தெரு, கதவு நம்பரு. எனக்கு எதுனா ஆச்சுன்னா, எங்க அண்ணன் வந்து கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

பேனாவை வாங்கினேன். மார்பளவு, தோள், கை நீளம் என்று யார் யாருடைய அளவுகளோ நிறைந்த நோட்டு, அதில் ஒரு வெற்றுப் பக்கம். என் பெயரை எழுதிவிட்டேன். தெரு வரைக்கும் வந்தது. கதவு எண்ணில் பேனா நின்றுவிட்டது. இந்த நோட்டு நாளைக்கு எங்கே இருக்கும்? யார் கையில்? அவன் வந்து இந்தப் பெட்டியை உதைத்துத் திறந்தால்? என் வீட்டில் பத்து வயதுப் பெண் ஸ்கூல் விட்டுத் தனியாக வருவாள். ஒரே ஒரு எண்ணை மாற்றிப் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. இதையேதானே இவள் அன்றைக்கு என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அனுபவித்திருப்பாள். கட்டாயம் என்று நான் சொன்னபோது.

சரியான எண்ணையே எழுதினேன். அது என் எழுத்து மாதிரியே இல்லை.

"கையெழுத்துப் போடுங்க." போட்டேன். "போட்டோ இருக்கா?" பர்சில் ஒன்று இருந்தது, கொடுத்தேன்.

"இன்னொரு தாள்லயும் எழுதிருங்க. கீழ் வீட்டம்மாகிட்ட ஒண்ணு குடுத்து வெக்கறேன்." என்னை நேராகப் பார்த்தாள். "ரெண்டா இருக்கட்டும்."

அந்த வாரமே அவள் அந்த மாடியைக் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, நல்லவேளை. அவள் போன் அணைத்தே கிடந்தது. சுண்டல் வண்டியிலிருந்து மீட்ட கட்டைத் திரும்பப் பீரோவில் வைத்தேன். முதலாளி புதுசாகப் பெரிய பூட்டு ஒன்று வாங்கி மாட்டினார், இந்தத் தரம் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு மாதத்தில் நான் அந்த வேலையை விட்டேன். வேலையோடு பயம் போகவில்லை. யார் கதவைத் தட்டினாலும் மெஷின் நின்ற அந்தச் சத்தம் எனக்குள் கேட்டது. கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், கோவில் வரிக்காரர், யார் தட்டினாலும் முதலில் ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறப்பேன். என் பெண் கேலி செய்வாள். "அம்மா, யாரு வருவான்னு இப்பிடிப் பாக்குற?"

அவள் அண்ணன். அல்லது அவன். அல்லது அவளே. மூன்றில் எது நடந்திருக்கிறது என்பதை என் கதவைத் தட்டுகிற கைதான் சொல்லும்.

யாரும் வரவில்லை. வருஷங்கள் போயின. பிறகு அந்தப் பெரிய புயல் எங்கள் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போக, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தொடக்கத்தில் மஞ்சக்குப்பத்தில் வேறு வாடகை வீட்டுக்கு மாறினோம். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பிய பிறகு, நான் மட்டும் திரும்பிப் போய் வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்தேன். புது விலாசம், கட்டம் போட்ட மாதிரி தெளிவாக.

"ஒரு பொம்பள வந்து, என் போட்டோவும் என் கையெழுத்தும் இருக்குற பேப்பரக் காட்டுனா, இதக் குடுத்துருங்கம்மா."

"குடுத்துடறேன்." சீட்டை மடித்து இடுப்பில் செருகப் போனவர் நிறுத்தினார். "அதே பேப்பர எடுத்துக்கினு ஆம்பள யாராச்சும் வந்தா? யாரு என்னான்னு தெரியாம எப்பிடிக் குடுக்கறது?"

தெருவில் புயலில் விழுந்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரம்பச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அண்ணனாக இருக்கலாம். மற்றவனாகவும் இருக்கலாம். அந்தப் பேப்பர் ஒரு ஆண் கையில் வருகிறதென்றால், அதற்கு முன்னால் அவளுக்கு என்னவோ ஆகியிருக்கிறது.

"யாரு வந்தாலும் குடுங்கம்மா" என்றேன்.